கூரையைப் பிய்த்தது காற்றுதான் என்று எப்படிக் காட்டுவது?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் அடித்த புயலில் உங்கள் கிடங்கின் தகரக் கூரை ஒரு மூலையில் பிய்ந்துபோனது. மழைத்தண்ணீர் இறங்கிச் சரக்கும் நனைந்தது. இருநூறு படங்களுக்கு மேல் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினீர்கள். சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பிய சர்வேயர் வந்து பார்த்துவிட்டு, துருவும் பராமரிப்புக் குறைவும்தான் காரணம் என்று எழுதிவிட்டார். இருநூறு படம் போதாதா, இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறீர்கள்.

போதாது. கூரை உடைந்திருக்கிறது என்பதைத்தான் உங்கள் படங்கள் சொல்கின்றன. அதை யாரும் மறுக்கவில்லையே! எது உடைத்தது, எப்போது உடைத்தது என்ற இரண்டு கேள்விக்குத்தான் சர்வேயர் விடை தேடுகிறார். நான் பல வருடமாகத் தொழிற்கூடக் கூரைகளை ஆய்வு செய்கிறேன். சில நாள் கட்டட உரிமையாளருக்காக ஏணி ஏறுவேன், சில நாள் காப்பீட்டு நிறுவனத்துக்காக. இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில், கிளெய்ம் தோற்பது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்வியில்தான்.

காற்று கூரையை எப்படி உடைக்கிறது என்று தெரிந்தால்தான் எதைப் படம் எடுப்பது என்று தெரியும். புயல் கூரையை அழுத்தி உடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். தட்டையான, அல்லது சரிவு குறைந்த கூரையில் நடப்பது நேர்மாறு. சுவரில் மோதி எழும்பும் காற்று விளிம்பைத் தாண்டும்போது கூரையைவிட்டுப் பிரிந்து சுழல்கிறது. அந்தச் சுழல் கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 48 கிலோ எடைக்குச் சமம். 150 கிலோமீட்டரில் அது 108 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் விசை இரண்டேகால் மடங்கு கூடுகிறது. இந்தக் கணக்கில் அரை மில்லிமீட்டர் தகட்டின் சொந்த எடை ஐந்து கிலோ அளவுதான். ஆகவே கூரையைப் பிடித்து வைத்திருப்பது அதன் கனமில்லை, ஸ்க்ரூக்கள்தான்.

இந்த உறிஞ்சல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. மூலைகளில் மிக அதிகம், நடுக்கூரையைப் போல இரண்டு மூன்று மடங்குகூட வரும். ஓரங்களில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. நடுவில் மிகக் குறைவு. கட்டட வடிவமைப்பு விதிகள் கூரையை மூலை, ஓரம், நடு என்று பிரித்து, மூலையில் ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போடச் சொல்வது இதனால்தான். உங்களுக்கு முதல் சாட்சியும் இங்கேதான் கிடைக்கிறது. சேதம் காற்று வந்த திசையிலுள்ள மூலையில் தொடங்கி, ஓரத்தகடு கழன்று, அதன் பிறகு முதல் வரிசை ஷீட், அடுத்த வரிசை என்று காற்று போன திசையில் உள்நோக்கிப் பரவியிருந்தால், அந்த வரிசையே காற்றின் கையெழுத்து. துரு திசை பார்த்துப் பிடிக்காது.

அதனால் முதலில் வேண்டியது ஒரு வரைபடம். கூரையின் மேல்தோற்றத்தை ஒரு தாளில் வரைந்து வடக்கைக் குறியுங்கள். தூண் வரிசைகளுக்கு எழுத்தும் எண்ணும் கொடுங்கள். எந்த ஷீட் போனது, எது மடிந்தது, எது தளர்ந்தது, எது அப்படியே இருக்கிறது என்று நிறம் பிரித்துக் காட்டுங்கள். பறந்த ஷீட்டுகள் தரையில் எங்கே கிடந்தன என்பதையும் அதில் சேருங்கள். இருநூறு படம் சொல்லாததை இந்த ஒரு தாள் சொல்லும். உங்கள் படங்கள் எந்த மூலையில் எடுத்தவை என்று உங்களுக்கே இப்போது சொல்ல வருமா? ஆறு மாதம் கழித்து இன்னொருவர் மேசையில் அந்தக் கோப்பு திறக்கும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நடுக்கூரை மட்டும் போய் ஓரங்கள் அப்படியே இருந்தால் சர்வேயர் சந்தேகப்படுவார். சந்தேகம் நியாயமானதுதான், ஆனாலும் அதற்கும் ஒரு விளக்கம் இருக்கலாம். காற்று வந்த பக்கத்து ரோலிங் ஷட்டரோ பெரிய ஜன்னலோ முதலில் உடைந்திருந்தால், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே உறிஞ்சலும் கீழே தள்ளலும் சேர்ந்தால் நல்ல கூரையும் தாங்காது. எனவே கூரைச் சேதத்தைப் படமெடுக்க வந்தவர் ஷட்டரையும் கதவையும் படமெடுக்காமல் போகக்கூடாது. ஷட்டரின் வழித்தடம் உள்நோக்கி வளைந்திருக்கிறதா, வெளிநோக்கியா என்பதைக் கிட்டத்தில் போய் எடுங்கள்.

அடுத்தது ஸ்க்ரூக்கள். இவற்றைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் உங்கள் வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஷீட் மூன்று விதமாகப் பிய்கிறது. பர்லினிலிருந்து, அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலிருந்து, ஸ்க்ரூ முழுதாக உருவிக்கொண்டு வருவது ஒன்று. அப்போது பர்லின் ஓட்டையின் மரை சிதைந்திருக்கும். ஸ்க்ரூ பர்லினிலேயே நிற்க, அதன் தலையைத் தாண்டி ஷீட் கிழிந்து வெளியேறுவது இன்னொன்று. வாஷருக்கு அடியில் ஓட்டை நீண்டோ, ஓரம் மேல்நோக்கி மடிந்தோ இருக்கும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. காற்று மணிக்கணக்கில் ஷீட்டைத் தூக்கித் தூக்கிப் போடும்போது ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல மெல்லிய வெடிப்புகள் கிளம்பும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் அறுந்துபோவதைப் போலத்தான். 1974 கிறிஸ்துமஸ் நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் துடைத்துப்போட்ட டிரேசி சூறாவளிக்குப் பிறகுதான் இதன் தீவிரம் பொறியாளர்களுக்கு உறைத்தது. அங்கே விமான நிலையக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் காட்டிவிட்டு உடைந்துபோனது. அங்கே தகரக் கூரைகள் ஒரே அடியில் பிய்ந்துபோகவில்லை, மீண்டும் மீண்டும் ஆடி, ஸ்க்ரூ ஓரத்தில் களைத்துப்போய்க் கிழிந்தன. அதன் பிறகுதான் அங்கே கூரைத் தகடுகளை ஆயிரக்கணக்கான முறை தூக்கி இறக்கிச் சோதிக்கும் வழக்கம் வந்தது.

இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் புதிதாகக் கிழிந்த உலோக ஓரம் பளபளக்கும். பழைய கிழிசல் மங்கி, துரு ஏறி, அழுக்குப் படிந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், இரும்பின் புதுக்கிழிசலும் மழையில் நனைந்தால் சில நாளிலேயே செந்நிறமாகிவிடும். ஆகவே இந்தப் படங்களைப் புயல் ஓய்ந்த முதல் ஒன்றிரண்டு நாளில் எடுத்திருக்க வேண்டும். சர்வேயர் பத்து நாள் கழித்து வந்தால் அவர் துருவைத்தான் பார்ப்பார், பார்த்ததை எழுதுவார். அவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை.

சரி, துரு உண்மையிலேயே முன்பே இருந்தால்? பத்துப் பதினைந்து வருடக் கூரையில் துரு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். இங்கே கைகொடுப்பது சேதமாகாத பகுதியின் படங்கள். ஏறத்தாழ எல்லோரும் உடைந்ததை மட்டும்தான் எடுக்கிறார்கள். காற்றுக்கு மறைவான பக்கத்தில், அதே வயதுள்ள அதே ஸ்க்ரூக்கள், அதே அளவு துருவோடு உறுதியாக நிற்கின்றன என்று காட்டினால், துரு மட்டுமே காரணம் என்ற வாதம் ஆட்டம் காணும். நாலு பக்கத்திலும் பத்துப் பத்து ஸ்க்ரூவைக் கிட்டத்தில் படமெடுத்து வரைபடத்தில் எண்ணிடுங்கள். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். மறைவுப் பக்கத்து ஸ்க்ரூக்களும் கையால் ஆட்டினாலே கழன்று வந்தால் சர்வேயர் சொன்னதில் பாதியாவது உண்மை. அப்போது வாதாட வேண்டியது எந்தப் பகுதி தேய்மானம், எந்தப் பகுதி புயல் என்று பிரிப்பதில்தான். முழுத்தொகைக்கும் அடம்பிடித்தால் கிடைக்கக்கூடிய பகுதியும் கெட்டுப்போகும்.

ஒருமுறை ஓர் உரிமையாளர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மேசையில் வைத்தார். உள்ளே சிறு சிறு உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்க்ரூ, மேலே தூண் எண்ணும் பொறுக்கிய தேதியும் எழுதியிருந்தது. படங்கள் முப்பதுதான். அந்தக் கூட்டம் அரைமணி நேரத்தில் முடிந்தது. இன்னொருவர் அறுநூறு படம் கொண்டுவந்தார். எல்லாம் ஒரே ஓட்டையை வெவ்வேறு கோணத்தில் எடுத்தவை.

படமெடுக்கும் முறை பெரிய வித்தையில்லை. ஒவ்வொரு சேதத்துக்கும் மூன்று தூரம். தள்ளி நின்று, அது கூரையில் எங்கே இருக்கிறது என்று தெரியும்படி ஒன்று. நடுத்தூரத்தில் சுற்றுப்புறத்தோடு ஒன்று. கிட்டத்தில் ஸ்கேலோ டேப்போ பக்கத்தில் வைத்து ஒன்று. சாக்பீஸால் எண் எழுதி அந்த எண்ணும் படத்தில் விழச் செய்யுங்கள். கைபேசியின் தேதி, நேரம், இருப்பிடம் சரியாக இருக்கிறதா என்று ஏறும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், வாட்ஸ்அப். அதில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த நேரமும் இடமும் பதிந்துள்ள உள்தகவலையும் அழித்துவிடும். மூலக்கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, ஆவணமாக இணைத்தோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். வெளிச்சம் கூட்டுவது, வெட்டுவது எதையும் மூலக்கோப்பில் செய்யாதீர்கள்.

கூரை மேல் ஏறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. புயலுக்கு மறுநாள் ஏறவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தளர்ந்த ஷீட், ஈரம், அறுந்த மின்கம்பி எல்லாமே ஆளைக் கொல்லும். வெளிச்சத்துக்காகப் போட்ட ஒளிபுகும் ஷீட்டும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் காலடியில் உடையும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸைக் காய்ந்த நிலையில் பெருக்கவும் கூடாது, தூசி நுரையீரலுக்குப் போகும். ட்ரோன் இருந்தால் அதுவே முதல் வேலைக்குப் போதும், உங்கள் பகுதியில் பறக்கவிட அனுமதி வேண்டுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ ஓட்டையை எடுக்க மட்டும், முழு உடல் பாதுகாப்பு வார் கட்டிய அனுபவசாலி ஒருவர் ஏறினால் போதும்.

நனைந்த சரக்குக்கு வருவோம். பல பாலிசிகளில் ஒரு நிபந்தனை இருக்கிறது: புயல் முதலில் கூரையிலோ சுவரிலோ ஒரு திறப்பை உண்டாக்கி, அந்தத் திறப்பு வழியாக மழை இறங்கினால்தான் உள்ளே நனைந்ததற்கு இழப்பீடு. ஏற்கெனவே ஒழுகிய இடத்தில் ஒழுகினால் கிடையாது. எனவே மேலே உள்ள திறப்பையும் கீழே நனைந்த இடத்தையும் கோடு போட்டு இணைக்க வேண்டும். தண்ணீர் நேராக விழாது. ஷீட்டின் பள்ளத்திலும் பர்லினிலும் ஓடிப் பல மீட்டர் தள்ளிச் சொட்டும். தூண் வரிசைகளுக்கு எண் கொடுக்கச் சொன்னது இதற்காகவும்தான், கூரைக்கும் தரைக்கும் அதே எண்களைப் பயன்படுத்துங்கள். பொய்க்கூரையில் கறை இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புக் கோடுகள் இருந்தால் பலமுறை நனைந்து காய்ந்த இடம் என்று பொருள், அது உங்களுக்கு எதிராகப் பேசும். ஒரே விளிம்புள்ள புதுக்கறை ஒரே நிகழ்வைக் காட்டும்.

உங்களுடையது தகரக் கூரை. கான்கிரீட் அல்லது உலோகத் தளத்தின் மேல் மெம்ப்ரேன் என்ற நீர்புகாப் படலம் விரித்த தட்டைக் கூரை வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் சேர்க்கிறேன். அங்கே சேதம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். காற்று மெம்ப்ரேனைத் தூக்கி ஒட்டை விடுவித்துவிட்டு மறுபடி படுக்க வைத்துவிடும். தொட்டுப் பார்த்தால்தான் தளர்வு தெரியும். கீழேயுள்ள இன்சுலேஷன் (வெப்பத்தடுப்பு) பலகைகளும் நகர்ந்திருக்கும், நனைந்திருக்கும். இதற்கு வெப்பக் கேமரா உதவும். ஈரமான பலகை பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், வெயிலடித்த நாளில் பொழுது சாய்ந்த பிறகு எடுத்தால் ஈரப்பகுதி தனியாக ஒளிரும். அது தரும் விடையை அப்படியே நம்பிவிடாமல், ஓரிரு இடத்தில் வட்டமாக வெட்டியெடுத்து ஈரத்தை உறுதிப்படுத்த வேண்டும். வெட்டும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள். கூரையில் உத்தரவாதம் நடப்பில் இருந்தால் அதைக் கொடுத்தவருக்கும்.

இனி, எப்போது நடந்தது என்ற கேள்வி. இதற்கான சாட்சி பெரும்பாலும் கூரையில் இருக்காது. பக்கத்து விமான நிலையத்தின் வானிலைப் பதிவில் மணிவாரியாகக் காற்றின் வேகமும் திசையும் இருக்கும், அவை பொதுவில் கிடைக்கும். அதை எடுத்துக்கொள்ளும்போது சராசரி வேகம் எது, வீச்சு வேகம் எது என்று பிரித்துப் பாருங்கள். கூரையைப் பிய்ப்பது சில நொடி நீடிக்கும் வீச்சுதான். நிலையங்களில் காற்றுமானி திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் கட்டடத்தின் உயரமும் சுற்றுச்சூழலும் வேறாக இருந்தால் எண் அப்படியே பொருந்தாது. ஆனால் திசை பொருந்தும். பதிவு தென்கிழக்குக் காற்று என்று சொல்லி, உங்கள் கூரையும் தென்கிழக்கு மூலையில் தொடங்கிப் பிய்ந்திருந்தால், அந்த ஒரு பொருத்தம் பத்துப் பக்க வாதத்துக்குச் சமம்.

கட்டடத்துக்குள்ளேயும் கடிகாரங்கள் இருக்கின்றன. மின்சாரம் போன நேரம், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய நேரம், காவலாளி பதிவேட்டில் எழுதியது, அலாரம் பதிவு. எல்லாவற்றையும்விட சிசிடிவி. ஷீட் ஆடிக் கிளம்பும் காட்சி கேமராவில் இருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் பல கருவிகள் சில வாரத்திலேயே பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்தப் பத்தியைப் படித்ததும் எழுந்துபோய்ப் பாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

தற்காலிகப் பழுதைப் பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். சர்வேயர் வரும் வரை எதையும் தொடக்கூடாது என்று நினைத்து, மழையில் இன்னும் நனைய விடுகிறார்கள். அது தவறு. சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை. தடுக்காமல் விட்டதால் கூடிய சேதத்துக்குப் பணம் மறுக்கலாம். தார்ப்பாய் போடுங்கள். போடும் முன் படம், போட்ட பின் படம், எடுத்த பொருளுக்குப் பில், வேலைக்கு வந்த ஆட்களின் பெயரும் நேரமும். அந்தச் செலவையும் பொதுவாகக் கிளெய்மில் கேட்கலாம். நிரந்தரப் பழுதை மட்டும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் தொடங்காதீர்கள்.

அளவும் தொகையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒப்பந்ததாரரிடம் ஒட்டுமொத்தமாக ஒரு தொகையை வாங்காமல், எத்தனை சதுர மீட்டர் ஷீட், எத்தனை மீட்டர் ஓரத்தகடும் முகட்டுத் தகடும், சாரம், பழையதை அகற்றும் செலவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். உங்கள் பாலிசி புதிதாகப் போடும் விலையைத் தருகிறதா, தேய்மானம் கழித்த மதிப்பையா என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பல சண்டைகளுக்குக் காரணம், அதைப் படங்களால் தீர்க்க முடியாது.

பழைய படம் ஏதாவது இருக்கிறதா? சோலார் பலகை போட வந்தவர், ஏசி மாட்டியவர், வாடகைக்குப் பேச வந்தவர், வங்கியின் மதிப்பீட்டாளர் என யாராவது கூரையைப் படமெடுத்திருப்பார்கள். கூகுள் எர்த்தில் பழைய தேதிகளின் செயற்கைக்கோள் படங்களைப் புரட்டலாம்; ஸ்க்ரூ தெரியாது, ஷீட்டுகள் வரிசையாக இருந்தது தெரியும். கூரைக்கு வாஷர் மாற்றிய பில் ஒன்று கிடைத்தாலும் பராமரிப்பே இல்லை என்ற வரிக்கு அது நேரடிப் பதில். இனிமேல் வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், அதே இடங்களில் நின்று அதே கோணத்தில் படமெடுத்து வையுங்கள். அரை நாள் வேலை.

இப்போது உங்கள் நிலைமைக்கு. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்ற வரியோடு. சர்வேயர் அறிக்கையின் நகலும் கேளுங்கள். வரைபடம், ஸ்க்ரூ படங்கள், காற்றுத்திசைப் பதிவு ஆகியவற்றோடு கட்டடக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் சுதந்திரமான அறிக்கை வாங்கி மறுபரிசீலனை கேளுங்கள். அதற்குக் காலக்கெடு இருக்கிறதா என்று பாலிசியில் பாருங்கள். சர்வேயர் திரும்ப வந்தால் கூடவே நடங்கள், உங்கள் எண்களையே அவரும் பயன்படுத்தும்படி வரைபடத்தின் ஒரு பிரதியைக் கையில் கொடுங்கள், அவர் பார்த்த இடங்களைக் குறித்துக்கொண்டு அன்று மாலையே மின்னஞ்சலில் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. பிய்ந்த ஷீட்டுகளை மூலையில் குவித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவற்றின் ஓட்டைகளை நான் இன்னும் பார்க்கவில்லை, சர்வேயரும் பார்த்திருக்க மாட்டார். பழைய இரும்பு எடுப்பவர் வந்துவிட்டுப் போகும் முன் அந்தக் குவியலை ஒரு தார்ப்பாயால் மூடி, யாரும் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டுங்கள்.